கேள்விக்குறியாகிப் போன பதில்கள்
இணையக் கருத்தாய்வை ஆய்வு மென்பொருளுக்குக் கொண்டு சேர்ப்பது எப்படி?

பிரிக்பீல்ட்ஸ், ஜாலான் துன் சம்பந்தனில் ஓர் உணவகம். எதிரே அமர்ந்திருந்த தங்கை, நம் பேரவையின் இந்நாள் உறுப்பினர், மடிக்கணினியை என் பக்கம் திருப்பினார். கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் வாழும் பெற்றோர் தம் பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளிக்கு அனுப்புவதும் தேசியப் பள்ளிக்கு அனுப்புவதும் ஏன் என்பதே அவருடைய இறுதியாண்டு ஆய்வு. இணையத்தில் வினாப் பாரம் அமைத்து, புலன வழியாக அனுப்பிப் பதில்களைத் திரட்டியிருந்தார். திரையில் ஆங்கிலப் பதில்கள் ஒழுங்காக இருந்தன. தமிழில் வந்த பதில்கள் இருந்த இடத்தில் கேள்விக்குறிகள் மட்டும் வரிசை கட்டி நின்றன.

“அண்ணே, ஒப்படைக்க ரெண்டு வாரந்தான் இருக்கு. இங்கிலீஷ்ல வந்தத மட்டும் வெச்சி எழுதிடட்டுமா?” என்றார்.

நண்பர்களே, இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இக்கட்டுரை. தமிழில் எழுதியவர்களை நீக்கிவிட்டால் எஞ்சுவது பெற்றோரின் கருத்து அன்று. ஆங்கிலத்தில் எழுத வசதியான பெற்றோரின் கருத்து மட்டுமே. தமிழ்ப்பள்ளியைப் பற்றிய ஆய்வில் தமிழில் பேசியவர்களின் குரலே விடுபட்டுப் போனால் அந்த ஆய்வால் யாருக்கு என்ன பயன்? இது கணினிக் கோளாறாகத் தோன்றினாலும், உண்மையில் ஆய்வின் நேர்மையைப் பற்றிய சிக்கல்.

இது என்ன மென்பொருள்?

எண்களை ஆராய எஸ்.பி.எஸ்.எஸ் இருப்பது நம்மில் பலருக்குத் தெரியும். சொற்களை ஆராயவும் மென்பொருள்கள் உண்டு. நேர்காணல், கருத்தாய்வின் விரிவான பதில்கள், நாட்குறிப்பு போன்றவற்றைப் படித்து, ஒரே கருத்தைச் சொல்லும் பகுதிகளுக்கு ஒரே அடையாளப் பெயர் இட்டுத் தொகுப்பதே இவற்றின் வேலை. அந்த அடையாளப் பெயரைக் குறியீடு என்கிறோம். முன்பெல்லாம் வண்ணப் பென்சிலால் கோடிட்டு, காகிதத்தை வெட்டி, உறைகளில் போட்டு வைத்த அதே வேலைதான்.

ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில், லா ட்ரோப் பல்கலைக்கழகத்தில் 1981-ஆம் ஆண்டு டாம் ரிச்சர்ட்ஸ், லின் ரிச்சர்ட்ஸ் இணையர் உருவாக்கத் தொடங்கிய நட்டிஸ்ட் என்ற மென்பொருளின் வழித்தோன்றல்தான் இன்றைய என்விவோ. அது 1999-இல் வெளிவந்தது. பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஆய்வுத் திட்டம் ஒன்றிலிருந்து அட்லஸ் டிஐ பிறந்தது. ஜெர்மனியிலேயே உடோ குக்கார்ட்ஸ் 1989-இல் தொடங்கிய மற்றொன்று இன்று மேக்ஸ்கியூடிஏ என வழங்குகிறது. இவை மூன்றும் விலை கொடுத்து வாங்க வேண்டியவை. உங்கள் பல்கலைக்கழகம் உரிமம் வாங்கி வைத்திருக்கிறதா என்று நூலகத்தில் முதலில் கேளுங்கள். இல்லையென்றால் கவலை வேண்டாம். குவால்கோடர் என்ற இலவச மென்பொருளும் கருத்தாய்வுப் பதில்களை ஏற்றுக்கொள்ளும்.

தமிழ் ஏன் உடைகிறது?

கணினிக்கு எழுத்து தெரியாது. எண் மட்டுமே தெரியும். எந்த எண் எந்த எழுத்து என்று சொல்லும் அட்டவணையே குறியாக்கம். எழுதியவரும் படிப்பவரும் ஒரே அட்டவணையைப் பயன்படுத்தினால்தான் தமிழ் தமிழாகத் தெரியும்.

மூத்த பேரவை உறுப்பினர்களுக்கு இந்தத் துன்பம் பழகியது. தொண்ணூறுகளில் ஆளுக்கோர் எழுத்துரு, எழுத்துருவுக்கோர் அட்டவணை என்றிருந்த காலத்தில், ஒருவர் அனுப்பிய மின்னஞ்சலை மற்றவர் படிக்க முடியாது. இதைச் சீர்செய்ய திஸ்கி, தாம், தாப் எனத் தரங்கள் வந்தன. முரசு அஞ்சலை உருவாக்கிய மலேசியர் முத்து நெடுமாறனும் உலகெங்கும் உள்ள தமிழ்க் கணினி ஆர்வலர்களும் இதற்காகப் பல ஆண்டுகள் உழைத்தார்கள். 2000-ஆம் ஆண்டு சிங்கப்பூரில் உத்தமம் அமைப்பு தோன்றியது. 2001 ஆகஸ்டில் தமிழ் இணைய மாநாடு நம் கோலாலம்பூரிலேயே நடந்தது. 1991-இல் வெளிவந்த யூனிகோடின் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடம் இருந்தது. விண்டோஸ் 2000 லதா எழுத்துருவோடு வந்தபோதுதான் அது நம் மேசைக்கு வரத் தொடங்கியது.

யூனிகோடு வந்துவிட்டதே, பிறகு ஏன் சிக்கல்? யூனிகோடு எண்களைக் கோப்பில் எழுதி வைக்கும் முறைக்கு யுடிஎஃப்-8 என்று பெயர். இம்முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட்டுகள் வேண்டும். கோப்பைத் திறக்கும் மென்பொருள் இதை அறியாமல், மூன்று பைட்டுகளையும் மூன்று தனித்தனி ஐரோப்பிய எழுத்துகளாகப் படித்துவிட்டால், தலையில் சாய்கோடு போட்ட ரோமன் எழுத்துகள் திரை முழுவதும் நிறையும்.

இங்கே ஒரு வேறுபாட்டை நன்கு மனத்தில் இருத்திக் கொள்ளுங்கள். திரையில் குப்பை எழுத்துகள் தெரிந்தால் தரவு இன்னும் உயிரோடு இருக்கிறது. படித்த முறைதான் தவறு. ஒன்றையும் சேமிக்காமல் மூடிவிட்டு, சரியான முறையில் திறந்தால் தமிழ் திரும்பிவிடும். கேள்விக்குறிகள் தெரிந்தாலோ நிலைமை வேறு. தமிழ் இடம்பெறாத பழைய அட்டவணையில் யாரோ கோப்பைச் சேமித்திருக்கிறார்கள். கணினி இடமில்லாத எழுத்துக்கெல்லாம் கேள்விக்குறியை எழுதிவிட்டது. அந்தக் கோப்பில் தமிழ் இல்லவே இல்லை. எந்த மென்பொருளாலும் அதை மீட்க முடியாது. மூலத்துக்குத்தான் திரும்பிப் போக வேண்டும்.

தங்கைக்கு நேர்ந்தது இரண்டாவது வகை. எக்செலில் தமிழ் சரியாகத் தெரிந்தபோது, சாதாரண சிஎஸ்வி என்ற வகையில் சேமித்துவிட்டார்.

முதற்படி: பதிவிறக்கம்

கூகுள் பாரத்தைப் பயன்படுத்துவோர் பதில்களைக் கூகுள் விரிதாளோடு இணைத்து, அங்கிருந்து எக்செல் கோப்பாக, அதாவது எக்ஸ்எல்எஸ்எக்ஸ் வகையில் பதிவிறக்கம் செய்வதே பாதுகாப்பான வழி. இவ்வகைக் கோப்பு தன் குறியாக்கத்தைத் தானே சுமந்து வருவதால் தமிழ் உடைவதில்லை. மேலே சொன்ன பெரிய மென்பொருள்களும் குவால்கோடரும் இதை நேரடியாக ஏற்கும்.

சிஎஸ்விதான் கிடைக்கிறது என்றால் அதை இருமுறை சொடுக்கித் திறக்க வேண்டாம். எக்செலில் ‘தரவு’ பட்டியலுக்குச் சென்று, உரைக் கோப்பிலிருந்து பெறும் வழியைத் தேர்ந்தெடுத்து, கோப்பின் மூலம் யுடிஎஃப்-8, அதாவது 65001 என்று குறிப்பிடுங்கள். மீண்டும் சேமிக்க நேர்ந்தால் ‘சிஎஸ்வி யுடிஎஃப்-8’ என்ற வகையைத் தேர்ந்தெடுங்கள். எக்செல் 2016 முதல் இந்த வசதி உண்டு.

பதிவிறக்கம் செய்த கோப்பை ‘மூலம்’ என்று பெயரிட்டுத் தனியே வைத்துவிடுங்கள். அதை ஒருபோதும் தொடாதீர்கள். திருத்தங்கள் எல்லாம் நகலில்தான்.

இரண்டாம் படி: துப்புரவு

என்விவோவில் ஏற்றிய விரிதாளை உள்ளே திருத்த முடியாது. ஆகவே ஏற்றும் முன்பே செய்ய வேண்டியவை சில:

1. ஒவ்வொருவருக்கும் ஓர் அடையாள எண் கொடுங்கள். கிள்ளானில் இருந்து வந்த முதல் பதிலுக்கு கி-001, பிரிக்பீல்ட்ஸுக்கு பி-001 என வைத்துக் கொள்ளலாம். இந்தப் பத்தி முதலாவதாக இருக்கட்டும். ஒரே எண் இருவருக்கு வரக்கூடாது.

2. பாரத்தில் கேட்ட முழுக் கேள்வியே பத்தியின் தலைப்பாக வந்திருக்கும். அதுவே பிறகு குறியீட்டின் பெயராகும். இரண்டு வரிக் கேள்வியை ‘பள்ளித் தேர்வுக் காரணம்’ என்று சுருக்குங்கள். முழுக் கேள்வியைத் தனித் தாளில் எழுதி வையுங்கள்.

3. பல விடைகளைத் தேர்ந்தெடுக்கும் கேள்விக்கு, விரிதாளில் எல்லா விடைகளும் காற்புள்ளியால் பிரிக்கப்பட்டு ஒரே கட்டத்தில் கிடக்கும். விடைக்குள்ளேயே காற்புள்ளி இருந்தால் எது எங்கே முடிகிறது என்று தெரியாது. பாரம் அமைக்கும்போதே விடைத் தெரிவுகளில் காற்புள்ளியைத் தவிர்த்துவிடுங்கள்.

4. சிலர் பதிலைக் கோடு போட்டு, ‘- தூரம்’ என்று பட்டியல்போல் தொடங்குவார்கள். சிஎஸ்வியைத் திறக்கும்போது எக்செல் அதைக் கணக்கு என்று எண்ணிப் பிழைச் செய்தி காட்டும். அத்தகைய கட்டங்களை மூலத்தோடு ஒப்பிட்டுச் சரிசெய்யுங்கள். அதுபோலவே தொலைபேசி எண்ணின் முதல் பூஜ்யமும் காணாமற்போகும்.

5. ஒரே ஊருக்குப் பல எழுத்துக்கூட்டல் இருக்கும். கிள்ளான், கிளாங், கிள்ளாங் என்று மூன்று விதமாக எழுதியிருந்தால் மென்பொருள் மூன்று ஊர்கள் என்றே கொள்ளும். மூடிய கேள்விகளில் இவற்றை ஒன்றாக்குங்கள். ஆனால் விரிவான பதில்களில் கை வைக்காதீர்கள். அங்கே எழுத்துப் பிழையும் பேச்சு வழக்கும் தரவின் பகுதியே.

6. பெயர், மின்னஞ்சல், அடையாள அட்டை எண் ஆகிய பத்திகளை நீக்கிவிடுங்கள். 2013 நவம்பரில் நடைமுறைக்கு வந்த 2010-ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வணிகப் பரிவர்த்தனைகளை நோக்கியது என்றாலும், ஆய்வாளருக்கு அதைவிடப் பழைய கடமை ஒன்று உண்டு. நம்பிச் சொன்னவரைக் காட்டிக் கொடுக்கக் கூடாது. சிறிய வட்டாரத்தில் பள்ளியின் பெயரும் பெற்றோரின் தொழிலும் சேர்ந்தாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

மூன்றாம் படி: ஏற்றுதல்

இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். மென்பொருள் உங்களிடம் ஒவ்வொரு பத்தியைப் பற்றியும் ஒரு கேள்வி கேட்கும். இது மூடிய பத்தியா, திறந்த பத்தியா? வயது, ஊர், பள்ளி வகை போன்றவை மூடியவை. ‘ஏன்?’ என்று கேட்டு, அவர்கள் தம் சொற்களில் எழுதியவை திறந்தவை.

என்விவோவில் ஒவ்வொரு வரிசையும் ஓர் ஆளாகிறது. மூடிய பத்திகள் அந்த ஆளின் பண்புகளாகின்றன. திறந்த பத்தி ஒவ்வொன்றும் ஒரு குறியீடாகி, அக்கேள்விக்கு வந்த எல்லாப் பதில்களும் அதன் கீழ்த் தொகுக்கப்படுகின்றன. மேக்ஸ்கியூடிஏயில் ஒவ்வொரு பத்தியையும் குறியீடாகவோ மாறியாகவோ குறிக்கச் சொல்லும். குவால்கோடரில் முதற்பத்தி அடையாள எண்ணாக இருக்க வேண்டும். பெயர்கள் மாறினாலும் செய்வது ஒன்றே.

இதன் பயன் பிறகுதான் தெரியும். ‘பண்பாடு’ என்று நீங்கள் குறியீடு இட்ட பகுதிகளில், கிள்ளான் பெற்றோர் சொன்னவை எவை, பிரிக்பீல்ட்ஸ் பெற்றோர் சொன்னவை எவை என்று ஒரே அட்டவணையில் பிரித்துப் பார்க்கலாம். ஊர் என்ற பத்தியைத் தவறுதலாகத் திறந்த பத்தி என்று சொல்லிவிட்டால் இந்த ஒப்பீடு கிடைக்காது.

முழுக் கோப்பையும் ஏற்றும் முன் ஐந்து வரிசைகளை மட்டும் வைத்து ஒரு சோதனைக் கோப்பு செய்யுங்கள். அந்த ஐந்தில் ஒன்று தூய தமிழ், ஒன்று ஆங்கிலம், ஒன்று மலாய், ஒன்று ரோமன் எழுத்தில் எழுதிய தமிழ், ஒன்று பல பத்திகள் கொண்ட நீண்ட பதில் என இருக்கட்டும். இவை ஐந்தும் ஒழுங்காக வந்தால் மற்றவையும் வரும்.

நான்காம் படி: தமிழைத் தேடுதல்

ஏற்றி முடித்ததும் எல்லாரும் ஆசையோடு செய்வது, எந்தச் சொல் எத்தனை முறை வந்திருக்கிறது என்று எண்ணச் சொல்வது. ஆங்கிலத்துக்கு இது ஓரளவு பயன் தரும். தமிழுக்கு அப்படியே நம்பிவிடாதீர்கள். பள்ளி, பள்ளிக்கு, பள்ளியில், பள்ளியை என்பன நமக்கு ஒரே சொல். மென்பொருளுக்கோ நான்கு. அதிகமாகப் பேசப்பட்ட சொல்லே பட்டியலில் சிதறிக் கீழே போய்விடும்.

சரி, சொல்லின் தொடக்கத்தை மட்டும் கொடுத்து நட்சத்திரக் குறியோடு தேடலாமே என்பீர்கள். ‘பள்ளி’க்கு அது சரிவரும். ‘பணம்’ என்பதற்கு வராது. பணத்தை, பணத்துக்கு என்று மாறுவதால் ‘பண’ என்று தேட வேண்டியிருக்கும். யூனிகோடில் புள்ளி தனிக் குறியாக எழுத்துக்குப் பின் வருவதால், ‘பண்பாடு’ என்ற சொல்லும் ‘பண’ என்றே தொடங்குகிறது. ‘பணி’யும் அப்படியே. பணத்தைத் தேடினால் பண்பாடும் வலையில் விழும்! ஆகவே ‘பணம்’, ‘பணத்’ என இரண்டாகப் பிரித்துத் தேடுங்கள்.

கண்ணுக்குத் தெரியாத சிக்கல் இன்னொன்று. ‘மொழி’ என்ற சொல்லில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியாகவும் இடலாம். கொம்பு, கால் என இரண்டாகவும் இடலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். தேடலில் ஒன்று கிடைத்து மற்றது தப்பிவிடக்கூடும். ‘கௌரவம்’ என்பதைக் கொம்பும் ளகரமும் போட்டு எழுதுவோரும் உண்டு. தேடலில் வியப்பளிக்கும் அளவுக்குக் குறைவாக வந்தால் இதை ஐயுறுங்கள். கண்டுபிடித்து மாற்றும் வசதியால் ஒரே வடிவத்துக்குக் கொண்டு வாருங்கள்.

கலந்து எழுதியவர்கள்

கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரே வாக்கியத்தில் மூன்று மொழிகள் வருவது இயல்பு. புலனத்தில் பழகிய கை, தமிழை ரோமன் எழுத்தில் எழுதும். ‘வேலை’ என்ற சொல்லையே ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள். எந்தத் தேடலும் அவற்றை ஒன்றுசேர்க்காது.

நான் பரிந்துரைக்கும் வழி இது. மூலப் பதில் பத்தியை அப்படியே வைத்துக் கொண்டு, பக்கத்தில் ‘தமிழ் எழுத்தில்’ என்று இன்னொரு பத்தி திறந்து, ரோமன் பதில்களை மட்டும் தமிழில் பெயர்த்தெழுதுங்கள். மொழிபெயர்க்க வேண்டாம், எழுத்தை மட்டும் மாற்றுங்கள். ‘பதில் மொழி’ என்று மூன்றாவது பத்தி ஒன்று சேர்த்து, தமிழ், ரோமன் தமிழ், மலாய், ஆங்கிலம், கலப்பு என்று குறியுங்கள். அதுவும் மூடிய பத்தியாக ஏறும். எந்த மொழியில் எழுதியவர்கள் என்ன காரணம் சொன்னார்கள் என்று ஒப்பிட இது வழி செய்யும். எல்லாவற்றையும் முதலிலேயே ஆங்கிலத்துக்கு மாற்றிவிட்டுக் குறியீடு இட்டால், நீங்கள் ஆராய்வது உங்கள் மொழிபெயர்ப்பைத்தான். அறிக்கையில் மேற்கோள் காட்டும்போது மட்டும் பெயர்த்தால் போதும்.

மென்பொருள் மாறினால்?

நீங்கள் என்விவோவிலும் உங்கள் விரிவுரையாளர் அட்லஸ் டிஐயிலும் வேலை செய்தால் முன்பு திண்டாட்டம்தான். 2019-இல் ரெஃபி-கியூடிஏ என்ற பொதுத் தரம் வந்தபின், ஒரு மென்பொருளின் ஆய்வுத் திட்டத்தை மற்றொன்றுக்குக் கொண்டு செல்ல முடிகிறது. நூற்றுக்கு நூறு எல்லாமே மாறிச் செல்லும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் பதில்களும் குறியீடுகளும் போய்ச் சேரும். ஆளுக்கோர் அட்டவணை வைத்திருந்த தமிழ் எழுத்துருக்களின் கதைதான் இங்கும் நடந்திருக்கிறது. பொதுத் தரம் இருந்தால்தான் ஒருவர் உழைப்பு மற்றவருக்குப் பயன்படும்.

தங்கையின் கதை

அன்று அந்த உணவகத்திலேயே கூகுள் விரிதாளைத் திறந்து பார்த்தோம். பதில்கள் அங்கே பழுதில்லாமல் இருந்தன. எக்செல் கோப்பாக மீண்டும் பதிவிறக்கம் செய்ய ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. துப்புரவுக்கு மூன்று நாள், ரோமன் பதில்களைத் தமிழாக்க இரண்டு நாள் என்று தங்கை உழைத்தார். இரண்டு வாரக் கெடுவுக்குள் அறிக்கை முடிந்தது.

மீண்டு வந்த பதில்களுள் ஒன்று கிள்ளானைச் சேர்ந்த ஒரு தாய் எழுதியது: “நான் படிச்ச பள்ளிக்கூடம். வேற காரணம் வேணுமா?” அவ்வளவுதான். இதற்கு என்ன குறியீடு இடுவது என்று நாங்கள் நெடுநேரம் பேசினோம். குடும்ப மரபா, பள்ளியின்மீது உள்ள நம்பிக்கையா, கேள்வி கேட்டவர்மேல் உள்ள கோபமா? முடிவில் தங்கை ‘காரணம் தேவையில்லை’ என்றே ஒரு புதிய குறியீட்டை உருவாக்கினார். அப்படி உருவாக்கிய பிறகு தேடினால், அதே கருத்தை வேறு சொற்களில் சொன்னவர்கள் இன்னும் சிலர் இருந்தார்கள். அவர்கள் எல்லாருமே தமிழில் எழுதியிருந்தார்கள்.

கேள்விக்குறிகளோடு அந்தக் கோப்பை ஏற்றியிருந்தால், அந்தக் குறியீடே பிறந்திருக்காது. அப்படி ஒன்று விடுபட்டதும் யாருக்கும் தெரிந்திருக்காது.

இளையோரே, உங்கள் ஆய்வுக்குப் பதில் எழுதியவர்கள் தம் வேலை முடித்து, சமையல் முடித்து, கைப்பேசியில் ஒரு விரலால் தட்டி எழுதியிருக்கிறார்கள். அவர்கள் எழுதிய ஒவ்வோர் எழுத்தும் உங்கள் மென்பொருள் வரை வந்து சேர்ந்ததா என்று ஒருமுறை சரிபாருங்கள். குறியீடும் கோட்பாடும் அதன் பிறகு வரட்டும்.